பாதிரியார் வாங்கித் தந்த காப்பி

எவாந்தியா ஆயுசில் பாதியை ஆலிவ் தோப்பிலும், மீதியைத் தத்துவம் எழுதும் தம்பி மானூசோஸைக் கட்டி மேய்ப்பதிலும் கழித்தவள். அவன் எழுதியதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஆனால், கடவுளையே கேள்வி கேட்கும் அவன் புத்தகத்தை யாரும் தொடக்கூடாது என்று பாதிரியார் யாக்கோவோஸ் கோயிலில் வைத்துச் சொன்னதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிரீட் தீவின் அந்த ஊரில், காப்பிக்கடைக்குள் வருகிறவனுக்கு ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்தான் காப்பி வாங்கித் தர வேண்டும். யாரும் வாங்கித் தராவிட்டால் ஊர் அவனைக் கைகழுவிவிட்டது என்று அர்த்தம்.

ஏதென்ஸிலிருந்து வந்த மானூசோஸ் நேரே கடைக்குள் போய் உட்கார்ந்தான். எவாந்தியா வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே ஒருவரும் நிமிரவில்லை.

"அவனுக்கு ஒரு காப்பி போடுப்பா. நான் தர்றேன்."

மூலையிலிருந்து சொன்னவர் பாதிரியார்!

"சாமி, நீங்களா?" மானூசோஸ் எழுந்தே விட்டான்.

"கடவுளைத் திட்டுனத அவரு பாத்துக்குவாரு. ஊர்ல கழுதை மேய்க்கிறவன் வரைக்கும் எழுதியிருக்கியே, என்னைப் பத்தி ஒரு வரி உண்டாடா? கடைசிப் பக்கம் வரைக்கும் தேடிட்டேன்!"

"தொடக்கூடாதுன்னு சொன்னீங்களே, சாமி!" என்று யாரோ கத்த, கடையே வெடித்துச் சிரித்தது.

வாசலில் நின்ற எவாந்தியாவுக்குப் பசித்தது.