பாறைக்குக் கீழே நின்றவர்

2008-ல் சிதம்பரத்தில் எம்.ஃபில். படித்தபோது, பாறை ஓவியம்தான் என் ஆய்வுத் தலைப்பு என்று ஒற்றைக்காலில் நின்றேன். பேராசிரியருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "கல்வெட்டு எடும்மா. அதுல படிக்க எழுத்து இருக்கு. இந்தக் கிறுக்கலை வெச்சிக்கினு இன்னா எழுதப் போற?" என்பார். கருத்தரங்கில் பேசி அவரை ஒப்புக்கொள்ள வைத்தால் தலைப்பு எனக்கு. இல்லையென்றால் கோயில் கல்வெட்டு. கல்வெட்டு மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்தவர் எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டுகிற ஆள் நான் இல்லை, அவ்வளவுதான்.

கருத்தரங்குக்கு முந்தின வாரம், செஞ்சிப் பக்கம் ஒரு பாறையைக் காட்ட எங்களை வேனில் கூட்டிப்போனார். செங்காவியில் சில மனிதர்கள், ஒரு விலங்கு, என்னவென்றே தெரியாத குறிகள். வேட்டை பலிப்பதற்காக வரைந்தது என்றாள் ஒருத்தி. சாமி கும்பிட்ட இடம் என்றான் இன்னொருவன். "வெயிலுக்கு ஒதுங்கினவன் பொழுது போகாம கிறுக்கியிருப்பான்" என்று பேராசிரியர் முடித்துவைத்தார்.

நான் அதற்குள் பாறையை நோக்கி உள்ளங்கையை நீட்டியிருந்தேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. அப்பா கடலூரில் சுவர் விளம்பரம் எழுதுகிறவர். எந்தச் சுவரானாலும் முதலில் கையால் தேய்த்துப் பார்ப்போம். சுண்ணாம்பு கையோடு வந்தால் அதன்மேல் பெயிண்ட் நிற்காது.

"ஏம்மா, ஓவியத்தத் தொடக் கூடாதுன்னு தெரியாதா?" என்று பேராசிரியர் அதட்டினார்.

"வெளம்பரம் எழுத சொவத்தப் புக் பண்ணப் போறா சார்" என்றான் பின்னாலிருந்து, அப்பாவின் தொழில் தெரிந்த ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். அவமானமாக இருந்தது. ஆனால் கையை இறக்கும்போதுதான் கவனித்தேன், அவர் அதட்டியிருக்கவே வேண்டாம். ஓவியம் எனக்கு எட்டவே இல்லை. எக்கி நின்றேன், அப்போதும் எட்டவில்லை. சிரித்தவன்தான் வகுப்பிலேயே நெட்டை. அவனையே கூப்பிட்டுத் தொடாமல் கையைத் தூக்கச் சொன்னேன். அவனுக்கும் எட்டவில்லை. கைக்கெட்டும் உயரத்திலோ வழவழப்பான இடம் நிறையச் சும்மா கிடந்தது.

கருத்தரங்கில் அதைத்தான் சொன்னேன். உயரத்தில் வரைய ஏணியோ, சாய்த்து வைத்த மரமோ, இன்னொருவர் தோளோ வேண்டும். எதுவானாலும் கீழே ஓர் ஆள் வேண்டும். காவி எடுத்துத் தர வேண்டும். மேலே இருப்பவருக்குத் தன் கோடு கோணலா நேரா என்று தெரியாது. தள்ளி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். இது எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட லீவெல்லாம் கடலூர் மஞ்சக்குப்பத்துச் சுவர்களின் அடியில் "ஆடாம புடிம்மா" என்ற அப்பாவின் குரலைக் கேட்டபடி ஏணி பிடித்தவள் நான்.

"பொழுது போகாம கிறுக்குறவனுக்கு ஏணி புடிக்க யாரு சார் வருவாங்க?" என்றேன்.

"அந்தக் காலத்துல அங்க மண்ணு மேடா இருந்திருக்கும்மா. நின்னுக்கினே வரைஞ்சிருப்பான்."

"அடியிலயும் பாறைதான் சார். போட்டோ எடுத்தாந்திருக்கேன்."

படத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, அப்ப எதுக்குத்தான் வரைஞ்சாங்க?"

"தெரியாது சார். வேட்டைக்கா, சாமிக்கான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஒருத்தரோட கிறுக்கல் இல்ல. ரெண்டு பேராவது கூடிப் பேசி, தூரத்துல வர்றவங்க பாக்கணும்னு கஷ்டப்பட்டிருக்காங்க."

"சொவர் எழுதுறவர் பொண்ணுன்னு நிரூபிச்சிட்ட" என்றார் அவர். கேலியாகச் சொன்னாரோ என்னவோ, எனக்குப் பட்டம் கொடுத்த மாதிரிதான் இருந்தது. "எழுது. நான் ஒத்துக்கலைன்னாலும் எழுது."

எழுதினேன். பாறை ஓவியம் பற்றி நான் படித்த எல்லாவற்றிலும் வரைந்தவனைப் பற்றித்தான் பேச்சு. நான் கீழே நின்றவரைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினேன். அந்த ஆள் வரைந்தவனின் மகளாகவும் இருந்திருக்கலாம் என்று ஒரு வரி. ஆதாரம் எங்கே என்று கேட்டு, பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தார். மகளாக இருக்க முடியாது என்பதற்கும் ஆதாரம் இல்லை என்று இன்னொரு வரி சேர்த்து, அடித்ததையும் அப்படியே மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது முறை அவர் அடிக்கவில்லை.