ஸ்குவாஷில் போட்ட வெள்ளைப் பொடி

1. நாற்பது டம்ளர்

நாற்பது டம்ளரில் எலுமிச்சை ஸ்குவாஷ் ஊற்றி வரிசையாக வைத்தாயிற்று. ஒரு கைகூட நீளவில்லை. பள்ளிக்கூடக் கட்டிடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் டம்ளரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. பக்கத்து நாற்காலியில், மாவட்ட ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி அம்மா. அவர் மடியில் என் டூர் டைரி.

எழுபதுகளின் நடுவில் நான் நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குக் கிராம சேவிகா. இன்றைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பதவியின் பெயரே புதிதாக இருக்கும். மாதர் சங்கம் கூட்டுவது, புகையில்லா அடுப்பு போடச் சொல்வது, சத்தான சமையல் செய்து காட்டுவது, மேலே இருந்து எந்தத் தாள் வந்தாலும் அதை ஊருக்குள் கொண்டுபோய் இறக்குவது, எல்லாம் எங்கள் தலையில்தான். ஊரில் எங்களை டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கோவில்பட்டியில் மாமியாரிடம் விட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். போனதும் என்னிடம் வர மாட்டாள். ஒருவழியாக வந்து மடியில் ஒட்டிக்கொள்ளும்போது எனக்குத் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கோவில்பட்டிக்கு மாறுதல் கேட்டு மூன்று தடவை எழுதிப் போட்டேன். கடைசியில் ஆபீஸ் சூப்பிரண்ட் சொன்னார்: "அதிகாரி அம்மா இன்ஸ்பெக்ஷனுக்கு வாராங்க. அவிய ரிமார்க் மட்டும் நல்லா இருக்கட்டும், உங்க பேப்பரை நானே மூவ் பண்ணுதேன்." அந்த இன்ஸ்பெக்ஷன்தான் இது.

2. செய்முறை

கோடைக்காலப் பழப்பானத்தை வீட்டிலேயே தயாரிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சர்க்குலர். எலுமிச்சம்பழம் இருபத்தைந்து, சீனி ஒன்றேகால் கிலோ, சிட்ரிக் ஆசிட் ஒரு ஸ்பூன், கெட்டுப்போகாமல் இருக்க கே.எம்.எஸ். என்ற வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை. அந்த ஊரில் ஒரு எலுமிச்சை மரம் கிடையாது. விளாமரம் இருந்தது. விளாம்பழத்தைக் கரைத்துக் கருப்பட்டி போட்டு அந்தப் பெண்கள் காலங்காலமாகக் குடிக்கிறார்கள். அதையே செய்து காட்டலாமே என்று ஆபீஸில் கேட்டேன். "சர்க்குலர்ல என்ன இருக்கோ அதைச் செய்ங்கம்மா" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கோவில்பட்டி மார்க்கெட்டில் பழம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சவர். குடிதண்ணீருக்கு ஒரு மைல் தள்ளி ஊருணிக்குப் போகணும். பெண்கள் ஆளுக்கொரு சொம்பு கொண்டுவந்து என் பானையில் ஊற்றினார்கள். சித்திரை மாதத்தில் அந்தப் பக்கம் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் யாரும் சும்மா கொடுக்கிற பொருளில்லை. எனக்காகக் கொடுத்தார்கள்.

சீனியைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, கொதி வந்ததும் சிட்ரிக் ஆசிட் போட்டு இறக்கி, துணியில் வடிகட்டி ஆறவைத்தேன். பழச்சாற்றைக் கலந்தேன். ஒரு படிக்கு இரண்டு படி தண்ணீர் விட்டுக் குடிக்கலாம் என்று விளக்கினேன். இதுவரைக்கும் நல்ல கவனமாகக் கேட்டார்கள். கே.எம்.எஸ். பொட்டலத்தைப் பிரித்தேன். அந்தப் பொடிக்கு ஒரு கந்தக நெடி உண்டு. முன்வரிசையில் இருந்த ராமக்கா, மாதர் சங்கத் தலைவி, ஐம்பது வயதுக்காரி, முகத்தைச் சுளித்தாள்.

"தீப்பெட்டி மருந்து வாடைல்லா அடிக்குது. அது என்ன பொடி டீச்சரம்மா?"

"கெட்டுப்போகாம இருக்கதுக்கு."

"எது கெட்டுப்போகாம?"

"ஸ்குவாஷ்தான் ராமக்கா."

அவள் பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். நான் அங்கேயே நிறுத்தியிருக்கணும். அன்றைக்கே குடித்துத் தீர்க்கிற பானத்துக்கு அந்தப் பொடி தேவையே இல்லை. பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பதற்குத்தான் அது. ஆனால் சர்க்குலரில் இருந்ததே. போட்டுக் கலக்கினேன்.

3. ஏன் எடுக்கவில்லை

"என்னம்மா, இவ்வளவு வெயில்ல யாருக்கும் தாகம் இல்லையா?" என்றார் அதிகாரி அம்மா.

ராமக்காதான் பதில் சொன்னாள். "கோவிச்சுக்கிடாதீங்க. இதைக் குடிச்சா பிள்ளை தங்காதுன்னு பேசிக்கிடுதாவ."

குடும்பக் கட்டுப்பாட்டு டார்கெட் எல்லா ஆபீஸுக்கும் வந்திருந்த காலம் அது. எனக்கும் மாதத்துக்கு இத்தனை ஆபரேஷன் கேஸ் என்று இருந்தது. ஜீப் சத்தம் கேட்டால், ஆபரேஷனுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆண்கள் உடைமரக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். அன்றைக்கும் ஒளிந்துதான் இருந்தார்கள். போன மாதம் ஆபரேஷனுக்கு ஆள் கேட்டு வந்த அதே டீச்சரம்மா, இந்த மாதம் வெள்ளைப் பொடி கலந்து குடி குடி என்றால் யார்தான் குடிப்பார்கள்?

அதிகாரி அம்மா ஒரு டம்ளரை எடுத்து முழுவதும் குடித்தார். "இப்ப நம்புறீங்களா?"

"உங்களுக்கு வயசாயிட்டுல்லா அம்மா" என்றாள் ராமக்கா, மரியாதையாகத்தான். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் ஒன்றை எடுத்துக் குடித்தேன்.

"நீங்க குடிச்சா என்ன டீச்சரம்மா? நீங்கதான் ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களே."

நான் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. "நானே பண்ணிக்கிட்டேன், நல்லாத்தான இருக்கேன்" என்று ஊர் ஊராகச் சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னால்தான் கேஸ் கிடைத்தது. எங்களில் பல பேர் அதைத்தான் சொன்னோம். அந்த ஊரில் என் பேச்சைக் கேட்டு ஆபரேஷனுக்கு வந்தவள் சுப்புத்தாய். இருபத்துநாலு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். மாமியார் கூடாதென்று ஒற்றைக்காலில் நின்றபோது, "டீச்சரம்மாவே பண்ணிருக்காவ" என்று சொல்லிவிட்டு என்னோடு ஜீப்பில் ஏறினாள். அவளும் அங்கே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

பேசாமல் இருந்தால் டம்ளர் அத்தனையும் அப்படியே இருக்கும், ரிமார்க் போய்விடும். பேசினால் என்ன ஆகும் என்றும் தெரியும். பெரிய மனசோடு ஒன்றும் நான் பேசவில்லை. அலுத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

"நான் ஆபரேஷன் பண்ணலை. உங்ககிட்ட சொன்னது பொய். எனக்கு இன்னொரு பிள்ளை வேணும். இந்தப் பொடியில அப்படி ஏதாவது இருந்தா நான் குடிப்பனா?"

இன்னொரு டம்ளரையும் எடுத்துக் குடித்தேன். ராமக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எட்டி ஒரு டம்ளரை எடுத்தாள். "சீனி கூடிப்போச்சு" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக எடுத்தார்கள். சுப்புத்தாய் எடுக்கவில்லை.

4. ரிமார்க்

"செயல்முறை விளக்கம் திருப்தி" என்று அதிகாரி அம்மா டைரியில் எழுதினார். ஜீப்பில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே இந்த ஊர்ல ஒரு கேஸ் கிடைக்குமா உங்களுக்கு? நீங்க சொன்ன அதே பொய்யைத்தான் நானும் நாலு மீட்டிங்ல சொல்லிட்டு வந்திருக்கேன். டார்கெட் இல்லாம உங்க மாறுதலுக்கு நான் எப்படி எழுதுறது?"

கெட்டவர் இல்லை அவர். அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரைக் கேட்பார்கள். அவர் சொன்னபடியே அந்த ஊரில் ஒரு கேஸும் கிடைக்கவில்லை. என் பேப்பர் இரண்டு வருஷம் நகரவில்லை. நான் கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டிருந்தார்கள். மாமியாரைத்தான் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜீப் போன பிறகு டம்ளர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் போய்விட்டார்கள். சுப்புத்தாய் மட்டும் சாம்பல் எடுத்து வந்து உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். நாலைந்து டம்ளர் தேய்த்து வைத்தாள். நான் அவற்றைத் துடைத்து அடுக்கினேன்.

"இன்னொண்ணு வேணும்னு சொன்னீங்கள்லா" என்றாள், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "எனக்கும் வேணும்னுதான் இருந்துச்சு."

"தப்புப் பண்ணிட்டேன் சுப்புத்தாய்."

"வேற ஊர்லயும் இப்படிச் சொல்லிருக்கீங்களா?"

"சொல்லிருக்கேன்."

"அங்கனயும் போய்ச் சொல்லிருங்க."

சரி என்றேன். போகவில்லை. மாறுதல் பேப்பர் இன்னும் முழுதாகச் செத்துவிடவில்லை என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் பொய்யை எங்கேயும் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் கேஸ் குறைந்தது, மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பதுண்டு. தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அடுத்தவள் உடம்பில் கத்தி படுகிற விஷயத்துக்கு உங்கள் உடம்பை வைத்துப் பொய் சொல்லாதீர்கள். அந்த இன்ஸ்பெக்ஷன் முடிந்து மூன்று வருஷம் கழித்து எனக்கு ஒரு பையன் பிறந்தான். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் கார்டு எழுதிப் போட்டேன். அந்த ஊருக்கு மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.