‘சொந்தப் பழக்கம்’ என்று எழுதிய கடிதம்

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை தேதியிட்ட கடிதம். மலாய் மொழியில் ஒரு பக்கம். என் மனைவி வேலை செய்யும் மின்னணுத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவு அனுப்பியது. மூன்றாவது வரியைத் தமிழில் தருகிறேன்: “பணியாளரின் சொந்தப் பழக்கத்தால் ஏற்பட்ட காது நோயை முன்னிட்டு, அவர் ஆறு மாதத்துக்குப் பேக்கிங் பகுதிக்கு மாற்றப்படுகிறார்.”

பேக்கிங் பகுதியை நாங்கள்தான் கேட்டு வாங்கினோம். ஆனால் நோய் அவளுடைய சொந்தப் பழக்கத்தால் வந்தது என்றால், ஆறு மாதம் முடிந்ததும் பழைய இடத்துக்கே அனுப்பிவிடலாம். அங்கே போனால் அவளுடைய இடது காதில் மிஞ்சியிருப்பதும் போய்விடும்.

பழைய இடம் என்பது கிளீன் ரூம், தூசி துளியும் இருக்கக்கூடாத அறை. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. குளிர் எலும்பைத் தொடும். மூக்கு ஒழுகும். டிஷ்யூ கொண்டுபோகக்கூடாது, தாளிலிருந்து தூசி உதிருமாம். மூக்கைச் சிந்த வேண்டுமென்றால் வெளியே வந்து, எல்லாவற்றையும் கழற்றி, சிந்தி, கைகழுவி, மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கால் மணி நேரம் ஆகும். இயந்திரம் காத்திருக்காது. லைன் லீடர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டிலும் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நிற்பார்கள்.

“பாம்புக் கோயில் எங்க பேக்டரிக்குப் பக்கத்துலதான் இருக்கு. ஆனா ஸ்ஸ்… ஸ்ஸ்னு சத்தம் எங்க லைன்லதான் லா,” என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உறிஞ்சல் வீட்டுக்கும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை, கரண்ட் போனது, யார் வந்தார்கள், எல்லாம் தேதியோடு இருக்கும். அதில் இதையும் எழுதினேன். “சாப்பாட்டு மேசையில் மூக்குறிஞ்சல். சொல்லியும் கேட்பதில்லை.” “விருந்தாளிகள் முன்னிலையிலும் அதே.” பக்கம் பக்கமாக இருக்கிறது.

பிறகு அவள் போனை வலது காதுக்கு மாற்றினாள். இடது காதில் நாற்றத்தோடு நீர் வந்தது. பாயான் பாருவில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் மூன்று முறை சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாலாவது முறைதான் ஜார்ஜ்டவுனில் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே காதுக்குள் பார்த்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, மூக்கை அடிக்கடி உறிஞ்சுவீங்களா?”

காது வலி என்று வந்தவளிடம் மூக்கைப் பற்றி அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மூக்கின் பின்புறத்தையும் காதின் உட்புறத்தையும் ஒரு சின்னக் குழாய் இணைக்கிறது என்று டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். பலமாக உறிஞ்சினால் காதுக்குள் இருக்கும் காற்றும் இழுபடும். வருடக்கணக்கில் இழுத்தால் செவிப்பறை உள்ளே குழிந்துபோகும். அந்தக் குழியில் செத்த தோல் சேர்ந்து, பக்கத்தில் இருக்கும் சின்ன எலும்புகளை அரித்துவிடும். பலமாகச் சிந்துவதும் கெடுதல்தான். ஒவ்வொரு பக்கமாக, மெதுவாகச் சிந்த வேண்டும்.

“ஆனா இது ஒண்ணுதான் காரணம்னு நான் எழுதித் தர முடியாதுண்ணே. சின்ன வயசுல சீழ் வந்த காதா இருந்தாலும் இப்படி ஆகும்,” என்றார். “உறிஞ்ச ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?”

மனைவி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்புகளைப் புரட்டினேன். முதல் குறிப்பு, அவள் கிளீன் ரூமுக்குப் போன நாலாம் மாதம். அதற்கு முன்னால் ஒரு வரிகூட இல்லை. உறிஞ்சியிருந்தால் நான் எழுதாமல் விட்டிருப்பேனா?

அறுவை சிகிச்சை முடிந்தது. இடது பக்கம் நின்று மெல்லப் பேசினால் அவளுக்குக் கேட்பதில்லை. அதன் பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. நாட்குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளோடு பணியாளர் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரியும் தமிழர்தான்.

“அண்ணே, மூக்கு சிந்த வெளிய போகக்கூடாதுன்னு எங்கயும் ரூல் இல்ல லா.”

“சரி தம்பி, போன மாசம் எத்தனை பேர் அதுக்காக வெளிய வந்தாங்க?”

அவர் நாட்குறிப்பை வாங்கி நிதானமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“ஞாயித்துக்கிழமையும் உறிஞ்சுனாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உங்க வீட்டுலயும் கிளீன் ரூம் இருக்கா அண்ணே?”

வாரத்தில் ஐந்து நாள் மூக்கைத் தொட முடியாமல் நின்றவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கை எப்படித் தானாக டிஷ்யூவைத் தேடும்? அவர்கள் பழக்கிவிட்டதற்கு அவள் பெயரைப் போட்டு, சாட்சிக்கு என் கையெழுத்தையே காட்டுகிறார்கள்.

காரில் வரும்போது மனைவி சொன்னாள்: “ஆறு வருஷமா என் மூக்குக்குச் சரித்திரம் எழுதியிருக்கீங்க. ஏன் உறிஞ்சுறேன்னு ஒரு நாளாச்சும் கேட்டு எழுதியிருக்கலாம்.”

அவர்கள் மேல் எனக்கிருக்கும் கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாத கோபம் என் மேலும் இருக்கிறது. இரண்டையும் அன்றைய தேதியில் எழுதி வைத்தேன்.

ஆகஸ்டில் மாற்றத்தை மறுபடி பரிசீலிப்பார்கள். வேலைக்குச் சேரும்போது அவள் காது நன்றாக இருந்தது என்று காட்டினால்தான் கடிதத்தில் ‘சொந்தப் பழக்கம்’ என்ற அந்த இரண்டு சொற்களையும் எடுப்பார்களாம். அவளுக்கு ஒன்று நினைவிருக்கிறது. சேர்வதற்கு முந்தைய வாரம், கம்பெனி அனுப்பிய கிளினிக்கில், ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். இரண்டு காதிலும் கேட்டுக் கையைத் தூக்கினாளாம். அந்தக் கிளினிக் இப்போது இல்லை. அப்படி ஒரு தாள் தங்கள் கோப்பில் இல்லை என்கிறது பணியாளர் பிரிவு. கோப்பை எங்களிடம் காட்டவில்லை. அந்தச் சோதனை நடந்ததா, நடந்திருந்தால் இடது காதுக்கு என்ன எழுதினார்கள் என்பதை இதை எழுதும் இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.