மாப்பிள்ளையின் காலில் எண்ணெய் படாத தலை தீபாவளி

பாறையைத் தவிர ஒன்றுமில்லை என்று செஞ்சியில் எல்லோரும் கைவிட்ட நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தவன் நான். பஜாரில் வாடகைக்கு ஒரு மூலைகூடத் தர மறுத்தவர்கள் கண்ணெதிரிலேயே எண்ணெய் மில் வைத்தேன். கரண்ட் போனாலும் செக்கு நிற்கக்கூடாது என்று பழைய டீசல் இன்ஜின் ஒன்றை நானே பிரித்து நானே மாட்டினேன். மாடி வீடு கட்டினேன். அஞ்சாங்கிளாஸைத் தாண்டாத நான் என் மகளை எம்.காம். வரை படிக்க வைத்தேன். எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை, கைகொடுக்கவும் இல்லை.

ஆனால் நான் செய்ததிலேயே நல்ல காரியம் எது என்று கேட்டால், இந்த மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்ததுதான் என்பேன்.

பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜித் தட்டில் யாரும் கைகூட வைக்கவில்லை. அதற்குள் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். பொறந்ததுலருந்தே எனக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது. அடிபட்டா உள்ளுக்குள்ளயே கசியும். சின்ன வயசுல இடது முட்டி வீங்கினப்ப, சுளுக்குன்னு நெனச்சு ஒருத்தர் அமுக்கி நீவி விட்டார். அதுலருந்து அந்தக் கால் முழுசா மடங்காது. இது தெரிஞ்சு சம்மதம்னா மேல பேசலாம்."

மறைத்திருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? மகள் சரி என்றாள். சொந்தக்காரர்கள்தான் குதித்தார்கள். "நோயாளிக்கா பொண்ணு குடுக்கப்போற?" என்றார்கள். "பொய் சொல்லாத ஆளுக்குக் குடுக்கப்போறேன்" என்றேன்.

தலை தீபாவளி வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் புது மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து, மில்லில் புதிதாக ஆட்டிய நல்லெண்ணெயை உடம்பெல்லாம் தேய்ப்போம். தேய்ப்பது என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி. அவன் கை இரும்பு. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் கால் பிசகினவர்கள்கூட அவனைத் தேடி வருவார்கள். மாப்பிள்ளை "ஐயோ" என்று கத்துகிறவரை அவன் விடமாட்டான். பெண்கள் சிரிப்பார்கள். அதுதான் விளையாட்டு.

மாப்பிள்ளையும் மகளும் முந்தின நாள் சென்னையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள். நெரிசலில் யாருடைய பெட்டியோ அவருடைய வலது காலில் இடித்திருக்கிறது. காலையில் எழுந்தபோது கெண்டைச்சதை வீங்கி, கல் மாதிரி இறுகி, சூடாக இருந்தது. வலது கால்தான் அவருக்கு நன்றாக மடங்கும் கால். அதுவும் போய்விட்டால்?

மச்சான் கிண்ணத்தோடு வந்து குனிந்து பார்த்தான். "இன்னா மாப்ள, நரம்பு சுருட்டிக்கினு இருக்குது. செத்த நேரம் என் கையில குடு, ராஜகிரிக் கோட்டை மேல ஓடுவ."

மாப்பிள்ளை சிரித்தார். "தலையில எவ்ளோ வேணா வெச்சு விடுங்க. காலைத் தொடாதீங்க. உள்ள ரத்தம் கசியுது, அமுக்குனா இன்னும் கசியும்."

"ரத்தமா? ஒரு கீறல்கூடக் காணோமே! மாமா, நல்ல பயந்தாங்கொள்ளியா பாத்துப் புடிச்சிருக்கீங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரி, "மெதுவா நீவச் சொல்றேன் மாப்ள. வெந்நீர் ஊத்துனா பட்டுனு விட்டுடும்" என்றாள்.

மாமியார் வீட்டில், நல்ல நாளில், இத்தனை பேர் கேலி செய்யும்போது வேறு யாராக இருந்தாலும் காலை நீட்டியிருப்பார்கள். இவர் நீட்டவில்லை, குரலும் உயர்த்தவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஃப்ரிட்ஜ்ல ஐஸ் இருக்குதா அத்தை?" என்று கேட்டார். அப்புறம் மச்சானிடம், "உங்க கை மேல குத்தம் இல்ல. என் ரத்தம் அப்படி" என்றார். இப்படி ஒரு மறுப்பை நான் என் வியாபாரத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒருவர் மனமும் நோகவில்லை, ஒரு விரலும் அவர் காலில் படவில்லை.

மகள் என்னிடம் வந்தாள். "நைனா, உடனே ஊசி போடணும். விழுப்புரம் போலாம்."

"தலை தீபாவளியும் அதுவுமா எண்ணெய் வெக்காம வாசல் தாண்டுறதா?" என்றாள் அவள் அம்மா. மச்சான் கையிலோ எண்ணெய் வழிகிறது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்துபோய் மச்சான் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிப் பரண்மேல் வைத்தேன். "இது என் செக்குல ஆட்டுன எண்ணெய். எங்க படணும், எங்க படக்கூடாதுன்னு நான் சொல்றேன்." அவ்வளவுதான். வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் வெடிச் சத்தம். பின் சீட்டில் காலை நீட்டியபடி மாப்பிள்ளை, "தலை தீபாவளிக்கு மாமனாரே டிரைவரா வந்தது எனக்குத்தான் மாமா" என்றார். அந்த வலியிலும் பேச்சைப் பாருங்கள்.

பண்டிகை நாளிலும் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். மாப்பிள்ளையின் ரத்தத்தில் குறைகிற சத்தை ஊசியாக ஏற்றினார். எனக்கு ஒரு சந்தேகம். "அப்போ இவருக்கு எண்ணெயே ஆகாதாம்மா?"

"எண்ணெய் ஒண்ணும் பண்ணாதுங்க, அழுத்தம்தான் ஆபத்து. வலி, வீக்கம் இருந்தா கையே வெக்கக்கூடாது, வெந்நீரும் ஊத்தக்கூடாது. நல்லா இருக்கும்போதும் இவரைப் பாக்குற டாக்டரைக் கேட்டுட்டு, மேலாகத் தடவலாம். அமுக்கி முறுக்குறது என்னைக்குமே வேணாம். ரத்தக் கோளாறுல பல வகை இருக்குது. இவருக்குச் சொன்னதை வெச்சு இன்னொருத்தருக்குச் செய்யாதீங்க." அப்புறம் என்னைப் பார்த்து, "அமுக்காம கொண்டாந்தீங்க. இல்லனா இந்தக் காலும் முடங்கியிருக்கும்" என்றார்.

கால் தேறியது. வீக்கம் முழுக்க வடிந்த பிறகு, டாக்டரைக் கேட்டுவிட்டு, மகளே அவர் தலையில் மட்டும் எண்ணெய் வைத்துவிட்டாள். மச்சானும் சும்மா சொல்லக்கூடாது, திருந்திவிட்டான். இப்போது யார் வந்தாலும், "ரத்தத்துல ஏதாவது கோளாறு இருக்குதா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடறியா?" என்று கேட்கிறான். ஆமாம் என்றால் தொடாமல் டாக்டரிடம் அனுப்பிவிடுகிறான்.

எல்லாம் சரி. ஆனால் விசேஷ வீடுகளில் இந்தக் கதையை அவன் சொல்லும் விதம் இருக்கிறதே! "நான்தான் கை வெக்காம நிறுத்துனேன்" என்கிறான். என் வீட்டுக்காரி, "நான்தான் ஐஸ் எடுத்துக் குடுத்தேன்" என்கிறாள். மாப்பிள்ளையின் தைரியத்தைச் சொல்லட்டும், டாக்டரம்மாவைப் புகழட்டும், நானே முதலில் புகழ்வேன். ஆனால் கிண்ணத்தை வாங்கி மேலே வைத்தது யார்? வண்டியை எடுத்தது யார்? அடுத்த விசேஷத்தில் அதை என் மச்சான் தன் வாயாலேயே, எல்லோர் முன்னாலும், என்னைக் காட்டிச் சொல்லவேண்டும். அவன் சொல்லாமல் நான் பந்தியில் உட்காரமாட்டேன்.