இரண்டு விரல் மூச்சு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பன்னிரண்டு வருஷமாக யோசித்திருக்கிறேன். பேனாவை எடுப்பேன்... மூடி வைத்துவிடுவேன். தவறு என்னுடையது – அதுவும் சாமி பெயரால் செய்த தவறு. வெட்கம் இருக்காதா?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "நீங்க திருநீறு பூசினதுமே உங்க பொண்ணு எழுந்து உட்கார்ந்துடுச்சாமே! ஊரே சொல்லுதுங்க."

பாயசத்தை அப்படியே விட்டு எழுந்தேன். இனியும் சும்மா இருக்கக் கூடாது.

என் மகளுக்கு அப்போது ஏழு மாசம். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தோம். டாக்டர் ஊசி போட்டார். குட்டி மாஸ்க்கை முகத்தில் வைத்து, ரப்பர் பையை அழுத்தி மூச்சு கொடுக்க ஆரம்பித்தார்கள். மனைவியை அங்கே விட்டுவிட்டு நான் கோயிலுக்கு ஓடினேன்.

திருநீற்றோடு திரும்பினால், பை ஒரு சின்னப் பெண் கையில்!

குழந்தைகளுக்கு மூச்சு கொடுக்கவென்று தனிப் படிப்பெல்லாம் அப்போது நம் பக்கம் ஏது? புதுசாகப் பாஸான நர்ஸுகள் பொம்மையில் பழகிவிட்டு, வார்டிலேயே கற்றுக்கொள்வார்கள். பெரிய சிஸ்டருக்கு ஒரு வழக்கம். புதுப்பெண்ணிடம் பையைக் கொடுத்ததும் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். வாய் மட்டும் ஓயாது.

"ஜாஸ்தி அழுத்தாதே ஸ்டெல்லா! பாப்பா நெஞ்சு அது, சப்பாத்தி மாவு இல்ல. ரெண்டு விரல் போதும். நெஞ்சு ஏறுதா... விடு."

நான் மாஸ்க்கை நகர்த்தப் போனேன். நெற்றியில் பூசி, மீதியை முகத்தில் ஊதுவது எங்கள் வீட்டு வழக்கம்.

"வேணாங்க!" என்றாள் ஸ்டெல்லா. "தூள் மூச்சுல போயிடும்."

"என் புள்ளைக்குத் திருநீறு பூசறதைத் தடுக்க நீ யாரும்மா? கழுத்துல சிலுவையை மாட்டிக்கிட்டு... உனக்கு இன்னா தெரியும்?"

சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அது சுடுகிறது.

ஸ்டெல்லாவின் கண் கலங்கியது. விரல் நிற்கவில்லை. பெரிய சிஸ்டரைப் பார்த்தாள். அவர் கை பின்னாலேயே இருந்தது.

"உன் பேஷண்ட். நீயே பேசு."

அந்தப் பெண் தலையை என் பக்கம் சாய்த்தாள்.

"என் நெத்தியில வைங்கண்ணா. பாப்பாவுக்கு இப்ப மூச்சு என் கையிலருந்துதான் போவுது. ஊதாதீங்க... வச்சா போதும்."

வைத்தேன். அவள் விரல் தாளம் தப்பவில்லை.

எவ்வளவு நேரமோ... மருந்து வேலை செய்து, குழந்தை தானாக மூச்சு விட்டு, வீறிட்டு அழுதது. அவ்வளவுதான், ஸ்டெல்லாவும் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். திருநீறும் கண்ணீருமாக முகமெல்லாம் வெள்ளை. அப்போதுதான் பெரிய சிஸ்டர் கையை முன்னால் கொண்டுவந்தார் – அவளுக்கு டீ ஊற்றிக் கொடுக்க.

மகள் இப்போது ஏழாம் வகுப்பு. பஸ் கிளம்பிவிட்டால் துரத்திப் பிடிக்கிறாள். மூச்சு வாங்குவதே இல்லை!

அண்ணாமலையார்தான் காப்பாற்றினார். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் யார் கையால்? தினமும் நான் திருநீறு இடும்போது, இன்னொரு நெற்றி ஞாபகம் வருகிறது. கும்பிட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், தாராளமாக. ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். குழந்தை எழுந்து உட்காரவில்லை. திருநீறு அதன் மேல் படவே இல்லை.

எதை மறந்தாலும், அந்த இரண்டு விரலை விட்டுவிடாதீர்கள்.