நாற்றுக்கு முதல் வெயில்

மருதாயக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்த காலையில் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. தை மாதம், வானத்தில் பொட்டு மேகமில்லை, ராத்திரி உறைபனி விழும். நாற்றை மூடுங்கள் என்று இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளையெல்லாம் விரட்டியவர் போகிற நேரமா இது?

துரை பங்களாப் பூந்தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அவரிடம் சட்டியைப் பறிகொடுக்காத வீடு நம் லயத்தில் உண்டா? பனி விழும் என்று தோன்றினால் கேட்கவே மாட்டார். கழுவி வைத்த சட்டிகளை எடுத்துப்போய்த் தன் நாற்றின்மேல் கவிழ்த்துவிடுவார். "எதுலக்கா கொழம்பு வைக்கிறது?" என்றால், "ஒரு நாளைக்குத் தொவையல் அரைச்சா ஒம் புருசன் கோவிச்சுக்கிட்டு ஊருக்கா கப்பலேறிருவாரு?" என்பார். என் மூன்று சட்டிகள் அப்படித்தான் போயின.

போன வருடம் மகனுக்குக் காய்ச்சல் இறங்கினால், மாரியம்மன் தேருக்கு என் கையால் வளர்த்த செவ்வந்தியில் மாலை என்று வேண்டிக்கொண்டேன். இறங்கியது. அறுபது நாற்று வைத்தேன். ஒரு மாலை அவசரத்தில், கொழுந்தெடுத்து வந்த நாத்தனார் இடுப்பிலிருந்து அவிழ்த்த படங்குச் சாக்கை ஈரத்தோடு போர்த்திவிட்டேன். விடிந்து பார்த்தால் பலகையாய் விறைத்திருக்கிறது. தூக்கினால் நாற்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மிஞ்சியது ஒன்பது.

அக்கா எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் போத்தியிருக்கே, பொணத்துக்குப் போத்துற மாதிரி."

கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் தன் நாற்றில் பாதியும் காய்ந்த சாக்கு ஒன்றும் கொண்டுவந்தார்.

"அடுத்தவங்க நாத்து வேண்டுதலுக்கு ஆகுமாக்கா?"

"நட்டு வளக்கிறது யார் கை? அம்மனுக்குக் கணக்குத் தெரியும், நீ சொல்லிக் குடுக்காதே. சாக்கை மட்டும் திருப்பிக் குடுத்துரு."

மாலை போட்டாயிற்று. சாக்கைத்தான் கொடுக்கவில்லை.

காலையில் நான் விளக்கேற்ற உட்கார்ந்தால் வெளியே சத்தம் கேட்கும்: "சாமிக்கு அப்புறம் வெளக்குக் காட்டலாம், மொதல்ல நாத்துக்கு வெயிலக் காட்டு! மூடியே வச்சா அழுகிப்போகும்!" பாடுகிற சாமிப்பாட்டுத் தவறிப்போகும். எரிச்சல் எரிச்சலாய் வரும். ஆனால் ஒரு நாளும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. விளக்குத்தான் முதலில்.

அவரை அடக்கம் செய்துவிட்டுத் தலைமுழுகி ஈரச்சேலையோடு வந்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. "சாவு வீட்டுக்குப் போனவ சாமிச் செடியைத் தொடாதே" என்றார் மாமியார். "முழுகிட்டேன் அத்தை" என்று சேலை மாற்றி, காய்ந்த அந்தச் சாக்கை இந்த வருடத் தேருக்கு வைத்த என் நாற்றின்மேல் விரித்தேன். அக்காவின் பாத்தியில் என் சட்டிகளைக் கவிழ்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் விளக்கைத் தொடவில்லை. போய்ச் சட்டிகளைத் தூக்கினேன். உள்ளே நாற்று பச்சையாக நின்றது.

சட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவரலாம்தான். பனி இன்னும் மாசிவரை இருக்கிறதே. அங்கேயே வைத்துவிட்டு வந்து விளக்கேற்றினேன்.

சாக்கு என்னிடம்தான் இருக்கிறது அக்கா. காயப்போட்டிருக்கிறேன்.