எரியாத டார்ச்

போன மாதம் பம்பாய் விமான நிலையத்தில் என் டார்ச் லைட்டால் ஒரு வம்பு வந்தது.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் டார்ச்சைத் தெரியும். நான் நாமக்கல்காரன். தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்ட்காரர்களுக்கே தெரியாத ஊர். பல்பொடி இல்லாமல்கூட வெளியூர் கிளம்பிவிடுவேன். டார்ச் இல்லாமல் கிளம்ப மாட்டேன். தெருவுக்குத் தெரு விளக்கெரிகிற பம்பாயில் அது எதற்கு? என் மனைவியும் இதைத்தான் கேட்டாள். ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன்.

பம்பாய்த் தமிழன்பர்கள் சிலர் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டு, கோவையிலிருந்து போகவர விமான டிக்கெட்டும் அனுப்பியிருந்தார்கள். போகும்போதே கோவையில் டார்ச்சைத் திறக்கச் சொல்லி, மூன்று பேட்டரிக் கட்டைகளையும் வாங்கி ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டார்கள். காலம் அப்படி. விமானத்தைக் கடத்துகிறார்கள், ரேடியோவுக்குள் குண்டு வைக்கிறார்கள்... போலீஸ்காரர்கள்தான் என்ன செய்வார்கள்?

எனக்குப் புத்தி வந்ததா? பம்பாயில் இறங்கியதும் முதல் வேலையாக மூன்று புதுக் கட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். திரும்பும்போது அவையும் போகப்போகின்றன என்று, சோதனை வரிசையில் நின்றபடி கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். கசங்கின வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு, முகத்தில் நாலு நாள் தாடி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். அவர் கையிலும் ஒரு மூன்று கட்டை டார்ச்! என் டார்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க... தமிழுங்களா?"

"ஆமாங்ணா. நாமக்கல்."

"நான் திருச்செங்கோட்டுப் பக்கமுங்க. இந்த டார்ச்ச உள்ள உடுவாங்களா?"

"கட்டையக் கழட்டிக் குடுத்துட்டா உடுவாங்க."

"இதுல கட்டையே இல்லீங்க."

"அப்புறமென்ன? ஒரு பயமும் இல்லீங்ணா, தாராளமாப் போங்க."

பெரிய நிபுணர் அல்லவா நான்? ஒரு தடவை கட்டையைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டாம் தடவைக்குத் தயாராக நிற்கிற அனுபவம்! அவர் டார்ச்சை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை விமானம் ஏறுகிற பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாரா வாரம் மனித மனங்களைப் பற்றி எழுதித் தள்ளுகிறவன், ஓரடி முன்னால் நின்ற முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

அவர் முறை வந்தது. போலீஸ்காரர் டார்ச்சை வாங்கி ஸ்விட்சைத் தள்ளினார். எரியவில்லை. காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ குலுங்கியது. கட்டை குலுங்கும் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை.

திறக்கச் சொல்லி இந்தியில் அதட்டினார். பாஷை புரியாவிட்டாலும் நம்மவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. டார்ச்சைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வேண்டாமுங்க... இதத் தொறக்கக் கூடாதுங்க..."

அவ்வளவுதான். வரிசை இரண்டாகப் பிரிந்து விலகியது. இன்னும் இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார்கள். நரைத்த மீசையோடு ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கண் என் கையிலிருந்த டார்ச்சுக்குப் போனது. இரண்டு பேர், இரண்டு டார்ச், இருவரும் வரிசையில் ஒரே பாஷையில் பேசியிருக்கிறார்கள்...

"இவர் உங்களோடு வந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. தலையை ஆட்டினேன். ஒரு எட்டு பின்னாலும் வைத்தேன். உண்மைதானே, அவர் யாரோ நான் யாரோ என்று நீங்கள் எனக்காக வாதாடலாம். உண்மைதான். ஆனால் என் வாழ்க்கையில் நான் எந்த உண்மையையும் அவ்வளவு வேகமாகச் சொன்னதில்லை.

அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் கட்டைகளை வாங்கிக்கொண்டு, பைக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். நான் போகலாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்தடி நடந்திருப்பேன்.

"எம் பையனுங்க அது... எம் பையனுங்க..."

பாதி திறந்திருந்த கதவு வழியாக அந்தக் குரல் வந்தது. அந்தக் குரல் எட்டுகிற தூரத்தில் அந்தச் சொற்கள் புரிந்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம்தான் திரும்பினேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டு விமானத்தில் ஏற முடியாது என்று தோன்றியது.

"எனக்கு அவர் பாஷை தெரியும்" என்று உள்ளே போனேன்.

அவர் பெயர் செங்கோடன். நாற்காலியில் உட்காராமல், சுவரோரம் நின்றபடியே சொன்னார். சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மகன் அர்த்தநாரிக்கு இருபத்திரண்டு வயது. போர்க்கிணறு போடுகிற ரிக் லாரியில் வேலை. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் போகாத மாநிலம் ஏது? இந்தத் தடவை மராட்டியத்தில் எங்கேயோ ஒரு வறண்ட ஊரில் போர் போட்டுக்கொண்டிருக்கும்போது இரும்புக் குழாய் சரிந்து அவன்மேல் விழுந்துவிட்டது. தந்தி கிடைத்து, ரயிலேறி இவர் போய்ச் சேரும்வரை ஐஸ் வைத்துக் காத்திருந்தார்கள். அதற்குமேல் முடியவில்லை. ஊருக்குக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே கொள்ளி வைத்துவிட்டார். மறுநாள் காலை எலும்பு பொறுக்கினார்கள்.

"மண்சட்டியில வெச்சு, மஞ்சத் துணி கட்டித்தானுங்க எடுத்தாறோணும். சட்டியோட போனா பிளேன்ல ஏத்த மாட்டாங்க, தொரத்தி உட்டுருவாங்கன்னு ரிக்குப் பசங்க பயந்தாங்க. டார்ச்சுன்னா ஆரும் ஒண்ணுங் கேக்க மாட்டாங்கன்னு, அவன் டார்ச்சுலயே போட்டுக் குடுத்தாங்க. இன்னைக்கு மூணாம் நாளுங்க. பொழுது எறங்கறதுக்குள்ள ஆத்துல உடோணும்னுதான் ரிக்கு மொதலாளி பிளேன் டிக்கெட் எடுத்துக் குடுத்தாரு. அவங்கம்மா பவானிக் கூடுதுறையில வந்து ஒக்காந்திருப்பா. அவன் மொகத்தக்கூடப் பாக்கல சாமி அவ..."

இதில் ஒன்றை நான் இன்ஸ்பெக்டருக்குத் தனியாக விளக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து ரிக் பையன்களுக்குப் பூட்டு போட்ட பெட்டி கிடையாது. லாரிமேலேயே படுக்கை, லாரியடியில் சமையல். அதனால் ஒரு மோதிரமோ, தாயத்தோ, ஊரிலிருந்து வந்த ஒரு கடுதாசியோ பத்திரப்படுத்த வேண்டுமென்றால் டார்ச்சில் ஒரு கட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்துக்கொள்வார்கள். ஒருவன் எரியாத டார்ச்சைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினால், அதைத் தொடக் கூடாது என்று மற்றவர்களுக்குத் தெரியும். அவர்கள் உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. அந்தப் பத்திரமான இடம்தான் விமான நிலையத்தில் எல்லாவற்றையும்விடச் சந்தேகத்துக்குரிய பொருள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

இன்ஸ்பெக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, "நம்புகிறேன். ஆனாலும் திறந்து பார்க்காமல் விட முடியாது" என்றார்.

சொன்னேன். செங்கோடன் தலையை அசைத்து மறுத்தார். "எடுத்துக் கட்டுனா, தண்ணியக் கண்டுதானுங்க தொறக்கோணும். நடுவால தொறக்கப்படாதுங்க."

அதையும் சொன்னேன். வெளியே ஒலிபெருக்கியில் எங்கள் விமானத்தின் பெயரைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அது போய்விட்டால் அன்றைக்கு வேறு விமானம் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. ஆற்றங்கரையில் காத்திருக்கிறவளுக்குச் சொல்ல ஒரு பதிலும் இல்லை.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கான்ஸ்டபிளிடம் ஏதோ சொன்னார். கான்ஸ்டபிள் போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். குளியலறை வாளி. மக்குகூட அதில் மிதந்தது. மக்கை எடுத்துவிட்டு, வாளியைத் தன் கையாலேயே செங்கோடன் முன்னால் நகர்த்தி வைத்தார் இன்ஸ்பெக்டர்.

"தண்ணீர் என்று சொல்லுங்கள்" என்றார் என்னிடம்.

எனக்குப் பயமாக இருந்தது. பரிகாசம் செய்வதாக எடுத்துக்கொண்டால்? செங்கோடன் வாளியை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துண்டை மடியில் விரித்தார். வாளியில் கையை நனைத்து டார்ச்மேல் மூன்று தடவை தெளித்தார்.

"இதுவுந் தண்ணிதானுங்க" என்றார்.

திறந்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். மேலாக ஒரு மஞ்சள் துணி. அதை விலக்கினால் சாம்பல், வெள்ளையாகச் சின்னச் சின்னத் துண்டுகள். இருபத்திரண்டு வயதுப் பையன். குத்திப் பார்க்க அவர் கையில் பேனா இருந்தது. அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "போதும், மூடச் சொல்லுங்கள்" என்றார்.

அறையை விட்டு வெளியே வரும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "சட்டியில் கொண்டுவந்திருந்தால் கும்பிட்டு அனுப்பியிருப்பேனே ஐயா... எத்தனையோ பேர் கொண்டுபோகிறார்கள். எதற்காக ஒளித்தார்?"

எதற்காக ஒளித்தார்? நல்ல கேள்வி. நம் ஜனங்களுக்குக் காக்கிச் சட்டையைக் கண்டாலே, ஆபீஸ் கவுன்டரைக் கண்டாலே, கையில் இருப்பது எதுவானாலும் அதை ஒளிக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. பெற்ற பிள்ளையின் சாவைக்கூடக் கடத்தல் சரக்கு மாதிரி ஒளித்துக்கொண்டு போகிறோம். நேரே சொன்னால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை எப்படி வரும்? பாஷை தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் நின்றால், அவன் என்னைப் போல ஓரடி பின்வாங்குகிறவனாக அல்லவா இருக்கிறான்!

விமானத்தில் அவர் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். டார்ச்சை அவர் எங்கேயும் வைக்கவில்லை. பணிப்பெண் பெல்ட்டைக் காட்டியதும், டார்ச்சையும் சேர்த்து வயிற்றோடு கட்டிக்கொண்டார்.  "நாமக்கல்லுல மழைங்களா?" என்று கேட்டார். "இல்லீங்ணா" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "எங்க பக்கமும் இல்லீங்க" என்றார். வரிசையில் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோவை வரும்வரை வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

கோவையில் ரிக் முதலாளி அனுப்பிய கார் நின்றது. "வழிதானுங்களே, ஏறுங்க" என்று செங்கோடன் என்னையும் ஏற்றிக்கொண்டார். கூடுதுறையில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது, பொழுது இன்னும் இறங்கவில்லை. பெண்கள் வர வேண்டாம் என்று உறவுக்காரர்கள் தடுத்தும் கேட்காமல் அந்த அம்மா வந்து படித்துறையில் உட்கார்ந்திருந்தார். அழுது தீர்ந்த முகம். என்னைக் காட்டி, "இது ஆருங்க?" என்று கணவரைக் கேட்டார்.

"எங்கூட வந்தவரு" என்றார் செங்கோடன்.

நான் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று செங்கோடன் டார்ச்சைக் கவிழ்த்தார். சாம்பல் கொஞ்ச தூரம் வெள்ளையாகப் போய், அப்புறம் தெரியவில்லை. டார்ச்சையும் ஆற்றில் விட்டுவிடச் சொன்னார்கள். அந்த அம்மா படியிறங்கிப் போய் அதை வாங்கிக்கொண்டார். யாருக்கும் கொடுக்கவில்லை. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, டார்ச் வைத்திருந்த என்னிடம் வந்தார்.

"கட்டை போட்டா இது எரியுங்களா சாமி?"

வாங்கிப் பார்த்தேன். இடம் பண்ணுவதற்காக ஸ்பிரிங்கைக் கழற்றியிருந்தார்கள். பக்கத்துப் பித்தளைப் பட்டையையும் பெயர்த்திருந்தார்கள். பல்பு கருகிப்போயிருந்தது.

"எரியுங்கம்மா" என்றேன்.

பொய்தான். உண்மையைச் சொல்லி அன்றைக்குக் காலையில் நான் சாதித்தது போதாதா?